அதிக ஓட்டு வாங்கியவர் தோற்பது எப்படி: எலக்டோரல் காலேஜின் கணக்கு

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஹிலாரி கிளிண்டன், டொனால்டு டிரம்பைவிட ஏறக்குறைய 28.7 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கினார். அதிபரானது டிரம்ப். 2000-இல் அல் கோர் நாடு முழுவதும் சுமார் 5.4 லட்சம் ஓட்டு முன்னிலையில் இருந்தார். வெள்ளை மாளிகைக்குப் போனது ஜார்ஜ் புஷ். 1876, 1888 தேர்தல்களிலும் இதுவே நடந்தது. இதைப் பார்க்கும் பலரும் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: வயோமிங் மாதிரி ஆளே இல்லாத மாகாணங்களுக்கு அளவுக்கு மீறிய செல்வாக்கைக் கொடுத்துவைத்திருக்கிறார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் மக்கள் விருப்பத்துக்கும் முடிவுக்கும் நடுவே விழும் இடைவெளியின் பெரும்பகுதிக்கு அது காரணமல்ல. பழியைச் சரியான இடத்தில் போட வேண்டுமானால் முதலில் இந்த இயந்திரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

538 எங்கிருந்து வருகிறது

அமெரிக்க அதிபர் தேர்தல் என்பது ஒரே தேர்தல் அல்ல. 50 மாகாணங்களிலும் தலைநகர் வாஷிங்டன் டி.சி.யிலும் ஒரே நாளில் நடக்கும் 51 தனித்தனித் தேர்தல்கள். ஓட்டுச் சீட்டில் வேட்பாளரின் பெயர் இருக்கும். ஆனால் சட்டப்படி அந்த ஓட்டு, அவருக்கு வாக்களிப்பதாக உறுதி தந்திருக்கும் 'தேர்வாளர்கள்' பட்டியலுக்குப் போகிறது. இவர்கள் பெரும்பாலும் கட்சிக்காரர்கள்; கட்சியே முன்கூட்டித் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். இந்தத் தேர்வாளர்கள் எல்லோரும் சேர்ந்ததுதான் எலக்டோரல் காலேஜ். அதற்கென்று ஒரு கட்டடம் கிடையாது, எல்லோரும் ஓரிடத்தில் கூடுவதும் கிடையாது. டிசம்பரில் அவரவர் மாகாணத்தில் கூடி ஓட்டுப் போட்டுவிட்டுக் கலைந்துவிடுவார்கள். ஜனவரி 6 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் (பிரதிநிதிகள் சபை, செனட்) சேர்ந்து உட்கார்ந்து எண்ணும். ஜனவரி 20 அன்று பதவியேற்பு.

ஒரு மாகாணத்துக்கு எத்தனை தேர்வாளர்கள்? அதன் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் எண்ணிக்கையோடு செனட் உறுப்பினர் இருவரைக் கூட்டினால் வருவதுதான். சபை இடங்கள் மக்கள்தொகைப்படி பிரியும். ஆனால் எவ்வளவு சிறிய மாகாணத்துக்கும் ஓரிடமாவது உண்டு. செனட்டில் எல்லோருக்கும் இரண்டு. ஆகவே யாருக்கும் மூன்றுக்குக் குறையாது. சபைக்கு 435, செனட்டுக்கு 100, இவற்றோடு 1961-இல் வந்த 23-ஆவது திருத்தம் வாஷிங்டன் டி.சி.க்குக் கொடுத்த 3. மொத்தம் 538. பாதிக்கு மேல் என்றால் 270.

அந்த 435 அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கும் எண் அல்ல, சாதாரணச் சட்டம். அலாஸ்காவும் ஹவாயும் சேர்ந்த சமயத்தில் சில ஆண்டுகள் மட்டும் கூடியது தவிர, 1913 முதல் அப்படியே நிற்கிறது. அப்போது நாட்டின் மக்கள்தொகை 10 கோடியைக்கூடத் தொடவில்லை. இன்று 33 கோடிக்கு மேல். இடங்கள் கூடாததால் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு முடிந்ததும் மாகாணங்கள் ஒன்றிடமிருந்து ஒன்று பிடுங்கிக்கொள்ள வேண்டியதுதான். 2020 கணக்கெடுப்பில் இன்னும் 89 பேர் கூடுதலாக இருந்திருந்தால் நியூயார்க் ஓர் இடத்தை இழந்திருக்காது.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இடங்கள் பிரிவது மக்கள்தொகைப்படி. ஓட்டுப் போட்டவர்களின் எண்ணிக்கைப்படி அல்ல. குழந்தைகளும் குடியுரிமை இல்லாதவர்களும் இந்தக் கணக்கில் உண்டு. ஒரு மாகாணத்தில் பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்துவிட்டாலும் அதன் தேர்வாளர் எண்ணிக்கை குறையாது. அதே நேரம், சுமார் 32 லட்சம் அமெரிக்கக் குடிமக்கள் வாழும் பியூர்ட்டோ ரிக்கோவுக்கு ஒரு தேர்வாளர்கூட இல்லை. அது மாகாணம் அல்ல என்பதுதான் காரணம்.

சிறிய மாகாணங்கள் மேல் போடும் பழி

வயோமிங்கில் 2020 கணக்கெடுப்பின்படி 5,76,851 பேர், தேர்வாளர்கள் 3. கலிபோர்னியாவில் 3,95,38,223 பேர், தேர்வாளர்கள் 54. வகுத்துப் பார்த்தால் வயோமிங்கில் 1.92 லட்சம் பேருக்கு ஒருவர், கலிபோர்னியாவில் 7.32 லட்சம் பேருக்கு ஒருவர். தலைக்கணக்கில் வயோமிங்வாசிக்கு ஏறக்குறைய 3.8 மடங்கு எடை. ஒருவருக்கு ஓர் ஓட்டு, எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பு என்ற கொள்கையோடு இது எந்த வகையிலும் பொருந்தாது.

ஆனால் இந்த அநியாயம் யாருக்குச் சாதகமாக வேலை செய்கிறது என்று பார்த்தால் வேறு படம் தெரியும். 3 அல்லது 4 தேர்வாளர்கள் மட்டும் உள்ள இடங்கள் இப்போது 14. அலாஸ்கா, வடக்கு டகோட்டா, தெற்கு டகோட்டா, வயோமிங், ஐடஹோ, மொன்டானா, மேற்கு வர்ஜீனியா ஆகிய ஏழும் குடியரசுக் கட்சிக்குப் போகின்றன. டெலவேர், வெர்மான்ட், வாஷிங்டன் டி.சி., ஹவாய், ரோட் தீவு, நியூ ஹாம்ப்ஷயர், மெய்ன் ஆகிய ஏழும் ஜனநாயகக் கட்சிக்கு. 2024-இல் இந்தப் பதினான்கிலிருந்து டிரம்புக்குக் கிடைத்தவர்கள் 25, கமலா ஹாரிஸுக்கு 24. ஏறக்குறையச் சமம்.

இன்னும் நேரடியாகச் சோதிக்கலாம். ஒவ்வொருவரும் வென்ற மாகாணத்துக்கு இரண்டு வீதம் செனட் கணக்கில் வந்ததைக் கழித்துவிடுங்கள். 2016-இல் டிரம்ப் வென்றவை 30 மாகாணங்கள்: 306-இல் 60 போக 246. கிளிண்டன் வென்றவை டி.சி.யையும் சேர்த்து 21: 232-இல் 42 போக 190. அப்போதும் டிரம்ப்தான். 2000-இல் மட்டும் முடிவு மாறுகிறது: புஷ் 271-இல் 60 போக 211, கோர் 267-இல் 42 போக 225. (கோருக்கு அதிகாரபூர்வமாகப் பதிவானது 266, டி.சி. தேர்வாளர் ஒருவர் சீட்டை வெறுமையாக விட்டுவிட்டார்.) ஆக அண்மைக் காலத்து இரண்டு முரண்பாடுகளில் ஒன்றுக்கு இந்தக் கூடுதல் இரண்டு போதுமான விளக்கம்; மற்றதற்கு அல்ல.

வென்றவருக்கே எல்லாம்

2016-ஐ விளக்குவது வேறொரு விதி. மெய்ன், நெப்ராஸ்கா தவிர்த்து எல்லா மாகாணங்களிலும் ஓர் ஓட்டு அதிகம் வாங்கியவருக்கு அத்தனை தேர்வாளர்களும் போய்விடுவார்கள். மிஷிகனில் டிரம்ப் முந்தியது 10,704 ஓட்டில், விஸ்கான்சினில் 22,748-இல், பென்சில்வேனியாவில் 44,292-இல். மூன்றும் சேர்த்து 78 ஆயிரத்துக்கும் குறைவு. அதற்குக் கிடைத்த தேர்வாளர்கள் 46. கலிபோர்னியாவில் கிளிண்டன் 42 லட்சம் ஓட்டுக்கு மேல் முந்தினார், கிடைத்தவர்கள் 55. அங்கே ஒரே ஓட்டில் வென்றிருந்தாலும் அதே 55-தான். நம் ஊர்ச் சட்டமன்றத் தொகுதியில் நூறு ஓட்டில் ஜெயித்தாலும் லட்சம் ஓட்டில் ஜெயித்தாலும் ஓர் எம்.எல்.ஏ.தானே, அதே தர்க்கம். ஆனால் இங்கே ஒரு 'தொகுதி'யின் எடை 3-லிருந்து 54 வரை மாறுகிறது. மொத்தத் தொகுதிகளும் 51-தான். எண்ணிக்கை குறைவாக இருப்பதால் ஒரு பக்கத்துச் சாய்வை இன்னொரு பக்கத்துச் சாய்வு ஈடுகட்டும் வாய்ப்பும் குறைவு.

தோற்றவர் பக்கம் விழும் ஓட்டுகள் எங்கே போகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். 2020-இல் டிரம்புக்கு மிக அதிக ஓட்டு கொடுத்த மாகாணம் எது? டெக்சாஸ் அல்ல, கலிபோர்னியா: 60 லட்சத்துக்கு மேல். அதில் ஒரு தேர்வாளர்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. பைடனுக்கு டெக்சாஸில் விழுந்தது 52 லட்சத்துக்கு மேல், அதற்கும் பூஜ்யம். மிசிசிப்பி மக்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் கறுப்பினத்தவர். அவர்களில் பெரும்பான்மையோர் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடுபவர்கள். 1980 முதல் ஒவ்வொரு தேர்தலிலும் அந்த மாகாணத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் குடியரசுக் கட்சிக்கே போயிருக்கிறார்கள். மூன்றாம் கட்சிக்காரர்கள் நிலை இன்னும் மோசம். 1992-இல் ராஸ் பெரோ நாடு முழுவதும் ஏறக்குறைய 19 சதவீத ஓட்டு வாங்கினார், தேர்வாளர் ஒருவரும் இல்லை. ஆனால் ஆதரவு ஒரே பகுதியில் குவிந்திருந்தால் கணக்கு வேறு. 1968-இல் இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸ் தென்மாகாணங்களில் மட்டும் வென்றே 45 பேரைப் பிடித்தார்.

இந்த விதி அரசியல் சட்டத்தில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. தேர்வாளர்களை எப்படி நியமிப்பது என்பதை ஒவ்வொரு மாகாணச் சட்டமன்றமும் முடிவு செய்துகொள்ளட்டும் என்று மட்டுமே அது சொல்கிறது. தொடக்கத்தில் சில மாகாணங்கள் மாவட்டவாரியாகத் தேர்ந்தெடுத்தன. சிலவற்றில் சட்டமன்றமே நேரடியாக நியமித்தது. தென் கரோலினாவில் 1860 வரைக்கும் சட்டமன்றம்தான். 1796-இல் தாமஸ் ஜெபர்சன் 71-க்கு 68 என்று ஜான் ஆடம்ஸிடம் தோற்றார். மாவட்டமுறை இருந்ததால் சொந்த மாகாணமான வர்ஜீனியாவிலேயே ஒரு தேர்வாளரை இழந்திருந்தார். 1800 தேர்தலுக்குள் வர்ஜீனியா 'வென்றவருக்கே எல்லாம்' முறைக்கு மாறிவிட்டது. ஆடம்ஸின் மாசசூசெட்ஸ் பதிலுக்குச் சட்டமன்ற நியமனத்துக்கு மாறியது. ஒரு மாகாணம் தன் வாக்கைக் கட்டாகப் போடும்போது, நான் மட்டும் பிரித்துப் போட்டால் என் கட்சிக்குத்தான் நட்டம் என்று மற்றவையும் நினைத்தன. 1836-க்குள் தென் கரோலினா தவிர எல்லாம் மாறிவிட்டன. ஆக, தத்துவம் பேசி யாரும் இந்த விதிக்கு வந்து சேரவில்லை. கட்சிக் கணக்குதான் கொண்டுவந்து சேர்த்தது. இன்றைக்கும் யாரும் தனியாக விட்டுக்கொடுக்காததற்குக் காரணம் அதே கணக்குதான். 2024-இல் நெப்ராஸ்காவில் சிலர் மொத்த முறைக்கு மாற முயன்றபோது, நீங்கள் மாறினால் நாங்களும் மாறுவோம் என்று மெய்ன் தரப்பிலிருந்து உடனே குரல் வந்தது.

எலக்டோரல் காலேஜ் பிறந்த கதையிலும் கணக்கு உண்டு. 1787-இல் பிலடெல்பியாவில் அரசியல் சட்டம் எழுதக் கூடியவர்களில் ஜேம்ஸ் வில்சன் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம் என்றார். அப்படிச் செய்தால் தென்மாகாணங்களில் அடிமைகளுக்கு ஓட்டு இல்லை என்பதால் அவற்றின் செல்வாக்கு குறைந்துவிடும் என்று ஜேம்ஸ் மேடிசன் எடுத்துச் சொன்னார். சபை இடங்களைக் கணக்கிடும்போது ஓர் அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாகச் சேர்க்கலாம் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். தேர்வாளர் முறை வந்ததும் அந்தப் பேரம் அதிபர் தேர்தலுக்குள்ளும் நுழைந்தது. 1790 கணக்கெடுப்பின்படி பென்சில்வேனியாவில் அடிமைகள் அல்லாதவர்கள் சுமார் 4.3 லட்சம், வர்ஜீனியாவில் சுமார் 4.5 லட்சம். தேர்வாளர்கள் முன்னதற்கு 15, பின்னதற்கு 21. முதல் 36 ஆண்டுகளில் 32 ஆண்டுகள் வர்ஜீனியாக்காரர்களே அதிபர்களாக இருந்தார்கள். அடிமைமுறை மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அன்றைய செய்திப் போக்குவரத்தில் ஜார்ஜியா விவசாயிக்கு மாசசூசெட்ஸ் வேட்பாளரைப் பற்றி என்ன தெரியும் என்ற கவலை, நாடாளுமன்றமே தேர்ந்தெடுத்தால் அதிபர் அதன் கைப்பாவை ஆகிவிடுவார் என்ற பயம் ஆகியவையும் இருந்தன.

தேர்வாளர்கள் சுயமாக யோசித்து நல்லவரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்ற எண்ணம் மிகச் சீக்கிரமே செத்துவிட்டது. எப்போதாவது ஒருவர் மாற்றிப் போடுவதுண்டு. 2016-இல் ஏழு பேர் அப்படிச் செய்ததால்தான் பதிவான முடிவு 306-232 என்பதற்குப் பதிலாக 304-227. உறுதிமொழியை மீறுபவர்களை மாகாணங்கள் தண்டிக்கலாம் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது.

சாய்வை அளக்கும் வழி

'இந்தத் தேர்தல் முறை யாருக்குச் சாதகம்' என்று ஒரு தேர்தலுக்குக் கணக்கிடுவது கடினமல்ல. ஒரு தாளும் மாகாணவாரி முடிவுகளும் போதும். வென்ற வேட்பாளர் மிக அதிக சதவீத வித்தியாசத்தில் ஜெயித்த மாகாணத்திலிருந்து இறங்குவரிசையில் எழுதுங்கள். தேர்வாளர்களைக் கூட்டிக்கொண்டே வாருங்கள். எந்த மாகாணத்தைச் சேர்க்கும்போது 270-ஐ எட்டுகிறதோ அதுதான் திருப்புமுனை மாகாணம். அங்கே அவருடைய வித்தியாசத்தையும் நாடு முழுவதற்குமான வித்தியாசத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் சாய்வு இல்லை. திருப்புமுனை மாகாணத்தில் வித்தியாசம் குறைவாக இருந்தால், இந்த முறை வென்றவருக்கே எதிராகச் சாய்ந்திருக்கிறது என்று பொருள்.

2020-இல் திருப்புமுனை விஸ்கான்சின். அங்கே பைடன் முந்தியது 0.6 சதவீதம், நாடு முழுவதும் 4.5 சதவீதம். ஏறக்குறைய 3.8 சதவீதப் புள்ளி குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்வு. இதைச் சாதாரண ஓட்டுக் கணக்கில் சொன்னால் அதிர்ச்சியாக இருக்கும். பைடன் நாடு முழுவதும் 70 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கினார். அரிசோனாவில் 10,457, ஜார்ஜியாவில் 11,779, விஸ்கான்சினில் 20,682. இந்த மூன்று இடங்களில் மொத்தம் 43 ஆயிரத்துக்குக் குறைவான முன்னிலை மட்டும் கரைந்து மறுபக்கம் சாய்ந்திருந்தால் 269-269 என்று சமநிலை. அப்போது பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும். அதிலும் ஆளுக்கு ஓர் ஓட்டு அல்ல, மாகாணத்துக்கு ஓர் ஓட்டு. 52 உறுப்பினர்கள் உள்ள கலிபோர்னியாவுக்கும் ஒன்று, ஒரே உறுப்பினர் உள்ள வயோமிங்குக்கும் ஒன்று. 26 மாகாணங்கள் கிடைத்தவர் அதிபர். எலக்டோரல் காலேஜைப் பற்றி எவ்வளவோ சண்டை போடுகிறவர்கள் இந்தக் கதவைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் மொத்த ஏற்பாட்டிலும் மிக மோசமான பகுதி இதுதான். 1824-இல் ஆண்ட்ரூ ஜாக்சன் மக்கள் ஓட்டிலும் தேர்வாளர் கணக்கிலும் முதலிடத்தில் இருந்தும் பெரும்பான்மை இல்லாததால் சபை ஜான் குயின்சி ஆடம்ஸைத் தேர்ந்தெடுத்தது.

இந்தச் சாய்வு எப்போதும் ஒரே பக்கம் இருப்பதில்லை. 2012-இல் திருப்புமுனை கொலராடோ: ஒபாமா அங்கே முந்தியது 5.4 சதவீதம், நாடு முழுவதும் 3.9. சாய்வு ஜனநாயகக் கட்சிப் பக்கம். 2004-இல் புஷ் நாடு முழுவதும் 30 லட்சம் ஓட்டு முன்னிலை பெற்றார். ஆனால் ஒஹையோவில் வித்தியாசம் 1,18,601 மட்டுமே. அங்கே 60 ஆயிரம் பேர் மாற்றிப் போட்டிருந்தால் ஜான் கெர்ரி அதிபர். 2024-இல் திருப்புமுனை பென்சில்வேனியா: டிரம்ப் அங்கே 1.7 சதவீதம், நாடு முழுவதும் 1.5. சாய்வு அநேகமாக இல்லை. அதே தேர்தலில் பென்சில்வேனியா, மிஷிகன், விஸ்கான்சின் மூன்றும் கமலா ஹாரிஸ் பக்கம் போயிருந்தால் அவருக்குச் சரியாக 270. நாடு முழுவதும் சுமார் 20 லட்சம் ஓட்டு பின்தங்கியபடியே அதிபராகியிருப்பார்.

அதாவது, இதைக் குடியரசுக் கட்சிக்குச் சாதகமான முறை என்று சொல்வது அரைகுறை உண்மை. எந்தக் கட்சியின் ஆதரவாளர்கள் எந்த மாகாண எல்லைக்குள் எவ்வளவு குவிந்திருக்கிறார்கள் என்ற தற்செயலைப் பொறுத்துச் சாய்வு அலைபாய்கிறது. ஒரு கட்சிக்கு நிரந்தரமாகச் சாதகமாக இருந்தால்கூட அதற்கு ஏதாவது கொள்கை விளக்கம் சொல்லலாம். யாரும் திட்டமிடாத ஒரு சாய்வு தேர்தலைத் தீர்மானிப்பதற்கு என்ன நியாயம் சொல்வது?

எதிர்வாதம் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கிளிண்டனும் டிரம்பும் 'மொத்த ஓட்டு' என்ற பந்தயத்தில் ஓடவே இல்லை. விதி வேறாக இருந்திருந்தால் டிரம்ப் கலிபோர்னியாவில் பிரசாரம் செய்திருப்பார், கிளிண்டன் ஹூஸ்டனில் வீடு வீடாக ஆள் அனுப்பியிருப்பார். முடிவு தெரிந்த மாகாணங்களில் வீட்டிலேயே இருந்துவிட்ட பலர் வந்து ஓட்டுப் போட்டிருப்பார்கள். ஆகவே 28.7 லட்சம் என்ற வித்தியாசம் வேறு விதியில் என்ன நடந்திருக்கும் என்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஆனால் இந்த வாதமே இன்னொரு கேள்வியைத் திறந்துவிடுகிறது: அப்படியானால் யாருடைய ஓட்டை வேட்பாளர்கள் தேடிப் போகிறார்கள்?

2016-இல் கட்சி மாநாடுகளுக்குப் பிறகு இரு தரப்பு அதிபர், துணை அதிபர் வேட்பாளர்கள் நடத்திய 399 பிரசார நிகழ்ச்சிகளில் 375 வெறும் 12 மாகாணங்களில் நடந்தன. 2024-இல் இழுபறி என்று எல்லோரும் பேசியவை ஏழு: பென்சில்வேனியா, மிஷிகன், விஸ்கான்சின், ஜார்ஜியா, வடக்கு கரோலினா, அரிசோனா, நெவாடா. பாறைக்குள் நீரைப் பாய்ச்சி எரிவாயு எடுக்கும் தொழிலைத் தடை செய்வேன் என்று 2019-இல் சொன்ன கமலா ஹாரிஸ், 2024-இல் தடை செய்யமாட்டேன் என்றார். அந்தத் தொழில் பெரிய அளவில் நடப்பது பென்சில்வேனியாவில். தேர்வாளர் முறை சிறிய மாகாணங்களைக் காப்பாற்றுகிறது என்று ஆதரவாளர்கள் சொல்வது இந்த இடத்தில்தான் அடிபடுகிறது. வயோமிங்குக்கும் வெர்மான்ட்டுக்கும் யார் போகிறார்கள்? போட்டி இறுக்கமாக இருப்பதுதான் ஒரு மாகாணத்துக்கு மதிப்புத் தருகிறது, சிறியதா பெரியதா என்பது அல்ல. நெவாடாவுக்கு மரியாதை கிடைப்பதும் ஹவாய்க்குக் கிடைக்காததும் அதனால்தான்.

ஆதரவாளர்களின் வேறு இரண்டு வாதங்கள் இதைவிடக் கெட்டியானவை. ஒன்று: அமெரிக்கா மாகாணங்கள் சேர்ந்து அமைத்த கூட்டாட்சி, அதிபருக்கு ஒரே பகுதியில் குவிந்த ஆதரவு போதாது, பல பகுதிகளில் பரவிய ஆதரவு வேண்டும். இரண்டு: தகராறு வந்தால் அது ஒரு மாகாணத்துக்குள் அடங்கும். 2000-இல் புளோரிடாவில் ஏறக்குறைய 60 லட்சம் ஓட்டில் 537 வித்தியாசம். அந்த ஒரு மாகாணத்தைப் பற்றிய வழக்கே டிசம்பர் வரை இழுத்தது. நாடு முழுவதையும் மறுபடி எண்ண வேண்டும் என்றால் என்ன ஆகியிருக்கும்? இதற்கு ஒரு பதில் உண்டு: நாடு முழுவதற்கும் அன்றைய வித்தியாசம் 5 லட்சத்துக்கு மேல், மறு எண்ணிக்கையே தேவைப்பட்டிருக்காது. 51 தனித் தேர்தல்கள் இருந்தால் எங்காவது ஒன்று மயிரிழையில் முடியும் வாய்ப்பு கூடுகிறது, குறைவதில்லை.

மாற்று வழிகளும் அவற்றின் ஓட்டைகளும்

மெய்ன் 1972 முதலும் நெப்ராஸ்கா 1992 முதலும் பின்பற்றும் முறை பார்க்க நியாயமாகத் தெரியும்: மாகாணம் முழுவதும் வென்றவருக்கு இரண்டு தேர்வாளர்கள், ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் வென்றவருக்கு ஒன்று. இதை நாடு முழுவதும் கொண்டுவந்தால் நிலைமை மோசமாகும். தொகுதி எல்லைகளை வரைவது பெரும்பாலான மாகாணங்களில் ஆளும் கட்சியே. 2012-இல் இந்த முறை எல்லா இடத்திலும் இருந்திருந்தால், 51 சதவீத ஓட்டு வாங்கிய ஒபாமா 264-க்கு 274 என்று மிட் ராம்னியிடம் தோற்றிருப்பார். மாகாண எல்லையையாவது தேர்தலுக்குத் தேர்தல் யாரும் நகர்த்த முடியாது.

மாகாணத்துக்குள் ஓட்டு விகிதப்படி தேர்வாளர்களைப் பிரிப்பது இன்னொரு யோசனை. சிக்கல் எண்களில் இருக்கிறது. 3 தேர்வாளர்கள் உள்ள இடத்தில் 51 சதவீதம் வாங்கினாலும் 80 சதவீதம் வாங்கினாலும் 2-1. 4 பேர் உள்ள இடத்தில் 62 சதவீதம் வாங்கியும் 2-2. மூன்றாம் வேட்பாளர் ஒருவர் கொஞ்சம் பலமாக இருந்தால் யாருக்கும் 270 வராது. முடிவு மாகாணத்துக்கு ஓர் ஓட்டு என்ற அந்தச் சபைக்கே போய்விடும். 1992-இல் பில் கிளிண்டன் வாங்கியது 43 சதவீதம். விகிதமுறை இருந்திருந்தால் அவருக்குப் பெரும்பான்மை கிடைத்திருக்காது. அன்றிருந்த முறையில் 370 கிடைத்தது.

அரசியல் சட்டத்தைத் திருத்தி நேரடித் தேர்தல் கொண்டுவர இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 38 மாகாணங்களின் ஒப்புதலும் வேண்டும். அதற்கு மிக அருகே போனது 1969-இல். வாலஸ் தேர்தலைக் குழப்பிவிடுவாரோ என்ற பயம் அடங்காத நேரம். பிரதிநிதிகள் சபையில் பத்துக்கு எட்டுப் பேர் ஆதரித்தார்கள். அடுத்த ஆண்டு செனட்டில் பேசிப் பேசியே முடக்கிவிட்டார்கள். 2024-இல் பியூ ஆய்வு மையம் கேட்டபோது 63 சதவீத அமெரிக்கர்கள் மொத்த ஓட்டில் முந்தியவரே அதிபராக வேண்டும் என்றார்கள். ஆனால் இழுபறி மாகாணங்கள் தங்கள் மவுசை ஏன் விட வேண்டும்?

திருத்தம் இல்லாமலே இதைச் செய்ய ஒரு குறுக்குவழியை முயல்கிறார்கள்: தேசிய மக்கள் வாக்கு ஒப்பந்தம். தேர்வாளர்களை எப்படி வேண்டுமானாலும் நியமிக்கலாம் என்ற அதே அதிகாரத்தைப் பயன்படுத்தி, தன் மாகாணத்தில் யார் ஜெயித்தாலும் நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவருக்கே தேர்வாளர்களைக் கொடுப்போம் என்று ஒவ்வொரு மாகாணமும் சட்டம் போடுகிறது. சேர்ந்தவர்களின் மொத்தம் 270-ஐத் தொட்டால்தான் அது அமலுக்கு வரும். 2007-இல் மேரிலாந்து முதலில் சேர்ந்தது. 2024 ஏப்ரலில் மெய்ன் சேர்ந்தபோது எண்ணிக்கை 209. அதுவரை சேர்ந்தவை எல்லாம் ஜனநாயகக் கட்சி வலுவாக உள்ள இடங்கள்; மீதி 61-க்கு மறுபக்கமோ இழுபறி மாகாணங்களோ வேண்டியிருந்தது.

வந்தால் என்ன தகராறு வரும் என்று ஊகிப்பது எளிது. 2024-இல் இது அமலில் இருந்திருந்தால் கலிபோர்னியாவின் 54 தேர்வாளர்களும் டிரம்புக்குப் போயிருப்பார்கள். அந்த மாகாணத்தின் சட்டமன்றம் அன்று வாய்மூடி இருந்திருக்குமா? பதவிக்காலம் முடிய ஆறு மாதத்துக்குள் விலகினால் அந்தத் தேர்தலுக்குச் செல்லாது என்று ஒப்பந்தம் சொல்கிறது. நீதிமன்றம் அதை ஏற்குமா என்பது சோதிக்கப்படவில்லை. மாகாணங்களுக்கிடையே ஒப்பந்தம் செய்ய நாடாளுமன்ற ஒப்புதல் வேண்டும் என்ற அரசியல் சட்டப் பிரிவும் குறுக்கே நிற்கிறது. மைய அரசின் அதிகாரத்தைத் தொடாத ஒப்பந்தத்துக்குத் தேவையில்லை என்பது ஆதரவாளர்கள் தரப்பு. நடைமுறைச் சிக்கலும் உண்டு. தேசிய அளவில் மறு எண்ணிக்கைக்குச் சட்டமே இல்லை. மெய்னிலும் அலாஸ்காவிலும் வாக்காளர்கள் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துகிறார்கள். கடைசியில் இருப்பவரை நீக்கி நீக்கி எண்ணுவார்கள். முதல் சுற்று எண்ணிக்கையை நாட்டு மொத்தத்தில் சேர்ப்பதா, கடைசிச் சுற்றையா? வித்தியாசம் பல லட்சமாக இருக்கும்வரை இது யாரையும் தொந்தரவு செய்யாது. 1960-இல் கென்னடிக்கும் நிக்சனுக்கும் இடையே இருந்ததுபோல் ஒரு லட்சம் அளவில் சுருங்கினால் ஒவ்வொரு மாகாணத்தின் ஒவ்வொரு விதியும் நீதிமன்றத்துக்குப் போகும்.

209 என்ற எண்ணும் நிலையானது அல்ல. ஒப்பந்தத்தில் இருக்கும் கலிபோர்னியா, நியூயார்க், இல்லினாய் மூன்றும் 2020 கணக்கெடுப்பில் ஆளுக்கு ஓரிடம் இழந்தவை. அதில் இல்லாத டெக்சாஸும் புளோரிடாவும் கூட்டிக்கொண்டவை. 2028 தேர்தல் இப்போதைய ஒதுக்கீட்டில்தான் நடக்கும். 2030 கணக்கெடுப்பின் எண்கள் 2032-இல் முதன்முறையாகப் பயன்படும்.